லேப்டாப் திரைக் கீறலுக்கு டூத்பேஸ்ட் போடலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகள் தினமும் பாளையங்கோட்டைக்குப் போய்ப் படிக்கிறாள். அவளுடைய லேப்டாப் திரையில் கீபோர்டை அச்சு எடுத்தது போலக் கட்டம் கட்டமாக ஒரு தடம், இடப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, கீழ் மூலையில் வெளிறிப்போன ஒரு புள்ளி. பக்கத்து வீட்டுத் தம்பி டூத்பேஸ்ட் வைத்துத் தேய்க்கச் சொல்கிறான். கடையில் ஸ்கிரீனையே மாற்றச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

அண்ணாச்சி, இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். டூத்பேஸ்ட் எந்தக் காலத்திலும் போடாதீர்கள். ஸ்கிரீன் மாற்றுவதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு வேறு சங்கதிகள். கட்டம் கட்டமான தடம் அநேகமாகத் துடைத்தாலே போய்விடும். கோடு போகாது, அதோடு காலம் தள்ளலாம். வெளிறிய புள்ளி கீறலே கிடையாது. அது திரைக்குப் பின்னால் இருக்கிற விவகாரம். ஆகவே துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன்னால் எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்டுப்போய் வருகிற திரைகளில் நிறைய, கீறலால் கெட்டவை அல்ல, கீறலை எடுக்கிறேன் என்று தேய்த்ததால் கெட்டவை.

லேப்டாப் திரை என்றால் கண்ணாடி என்று நினைக்கிறோம். டச் இல்லாத சாதாரண லேப்டாப்பில் நம் விரல் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. உள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள் உண்டு, அவற்றின் நடுவில்தான் திரவப் படிகம் இருக்கிறது. முன்பக்கக் கண்ணாடியின் மேல் போலரைசர் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஒட்டியிருப்பார்கள். அயோடின் ஏற்றி இழுத்த ஒரு பிளாஸ்டிக் ஏடு, அதற்குக் காப்பாக டிரை அசிடைல் செல்லுலோஸ் என்ற ஏடு, எல்லாம் சேர்ந்து சுமார் 0.2 மில்லிமீட்டர் கனம் வந்தால் அதிகம். இந்தப் படலத்தை உரித்துவிட்டால் திரை வெறும் வெள்ளையாகத்தான் எரியும், படமே தெரியாது. படலத்தின் வெளிமுகத்தில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனத்துக்கு ஒரு கெட்டிப் பூச்சு இருக்கும். பளபளப்பில்லாத மேட் திரை என்றால் அந்தப் பூச்சிலேயே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை வைத்திருப்பார்கள். டியூப்லைட் வெளிச்சம் பட்டால் முகத்தில் அடிக்காமல் சிதறிப்போவது அதனால்தான்.

அந்தப் பூச்சு எவ்வளவு தாங்கும் என்பதைப் பானல், அதாவது முழுத் திரைத் தகடு, செய்கிற கம்பெனிகள் பென்சில் கணக்கில்தான் சொல்கின்றன. விவரத்தாளில் 2ஹெச், 3ஹெச் என்று போட்டிருக்கும். அந்த அளவு கெட்டியான பென்சிலால் கோடு போட்டால் கீறாது என்று அர்த்தம். மணலுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

நம் பக்கத்து மணல் வேறு லேசுப்பட்டதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பினால் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் ஜன்னலைச் சாத்தினாலும் மேஜை மேல் நறநறவென்று மண் இருக்கும். அந்தத் தூசியில் குவார்ட்ஸ் துகள் உண்டு. மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 முதல் 6 வரைதான். பிளாஸ்டிக் படலம் இதில் கிட்டவே வராது. உவரி, கூடுதாழைக் கடற்கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. மரத்தை இழைக்கிற உப்புத்தாளில் ஒட்டுகிற கல் பொடிகளில் கார்னெட்டும் ஒன்று. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக் காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். திரையில் தூசி படிந்திருக்கும்போது துண்டை எடுத்துக் காய்ந்தபடியே ஒரு இழுப்பு இழுப்போமே, கீறல்களில் நிறைய அங்கேதான் பிறக்கின்றன.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். அதை அணைத்து, சூடு ஆறிய பிறகு, சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்துப் பாருங்கள். பிசுக்கு என்றால் மங்கலாக, படலம் போல, ஓரம் தெளிவில்லாமல் தெரியும். கீறல் என்றால் மெல்லிய கம்பி போல மின்னும். டார்ச்சை நகர்த்த நகர்த்த ஒரு கோணத்தில் தெரிந்து மறு கோணத்தில் மறையும். நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுவார்கள், அது வேண்டாம். படலத்துக்கு நகமே போதும். விரல் நுனியின் சதையால் லேசாகத் தடவினால் பள்ளம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து லேப்டாப்பைப் போட்டு, முழு வெள்ளைப் பக்கம் ஒன்றையும் முழுக் கருப்புப் பக்கம் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். அணைத்திருக்கும்போது இல்லாமல் வெள்ளைப் பக்கத்தில் மட்டும் தெரிகிற வெளிறிய புள்ளி, அழுத்தத்தால் வந்தது. மேலிருந்து கீழ் வரை அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரு வண்ணக் கோடு ஓடினால் அது பானலின் இணைப்பிலோ கேபிளிலோ வந்த கோளாறு, துடைத்துப் பயனில்லை. சந்தேகமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதிலும் கோடு தெரிந்தால் திரைக்கு ஒன்றுமே இல்லை, மென்பொருளிலோ கிராபிக்ஸிலோதான் கோளாறு. இதைச் செய்யாமல் நேராகத் திரையைத் தேய்க்க ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டம் கட்டமான தடம் எப்படி வருகிறது? கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு கீபோர்டுச் சாவிகளின் மேல் ஏறுகிறது. மூடிய லேப்டாப்பில் சாவிக்கும் திரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மிகக் கொஞ்சம். செங்கோட்டை பாசஞ்சரில் காலை நேரத்தில் பையை மடியில் வைத்து, அதன் மேல் இன்னொருத்தர் பை, அதன் மேல் சாப்பாட்டு டப்பா என்று போனால் மூடி வளைந்து திரை சாவிகளின் மேல் உட்கார்ந்துவிடும். ரயில் ஆட ஆட சாவியின் பிசுக்கு அப்படியே திரைக்கு மாறும். ஆரம்பத்தில் இது வெறும் பிசுக்குதான். பல மாதம் துடைக்காமல் விட்டால், பிசுக்கில் தூசி ஒட்டி, அந்தத் தூசி உரசி, சாவி ஓரங்களின் வடிவத்தில் பூச்சே தேய்ந்துவிடும். அப்போது அது தடத்திலிருந்து கீறலாக மாறிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

துடைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஆனால் வரிசை முக்கியம். லேப்டாப்பை அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். சூடான திரையில் ஈரம் சட்டென்று காய்ந்து கோடு கோடாக நிற்கும், அதனால் ஆறவிடுங்கள். முதலில் தூசியை விரட்ட வேண்டும். கேமரா லென்ஸுக்கு விற்கிற ரப்பர் பம்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் புதிதாக வாங்கிய மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் அது இன்னொரு கறை. அப்புறம் இரண்டு மைக்ரோஃபைபர் துணி. ஒன்றை நனைத்து நன்றாகப் பிழிந்து, கையில் ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல் ஒரே திசையில் மேலிருந்து கீழாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் வேறு பக்கத்தைத் திருப்புங்கள். காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

மைக்ரோஃபைபர் இல்லையென்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுக்கிற துணி போதும். அதுவும் இல்லையென்றால் பல வருடம் துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணி. கஞ்சி போட்டதாக இருக்கக் கூடாது. புதுத் துண்டு, டிஷ்யூ பேப்பர், செய்தித்தாள் மூன்றும் வேண்டாம். செய்தித்தாள் ஜன்னல் கண்ணாடிக்குச் சரிதான், இந்தப் படலத்துக்கு அது முரடு.

தண்ணீரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உங்கள் அம்பையில் தாமிரபரணித் தண்ணீர் வருகிற குழாய் என்றால் பெரிதாகக் கவலையில்லை. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் போர் தண்ணீராக இருந்தால் உப்பு வெள்ளை வெள்ளையாகத் திரையில் நிற்கும். பிறகு அந்த உப்பைத் துடைக்கத் தேய்க்க வேண்டியிருக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது லேபிளைப் படித்து வாங்குங்கள். பேட்டரிக் கடையில் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும்.

தண்ணீருக்கு அசையாத பிசுக்கு என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரே ஒரு சொட்டு. அதில் நனைத்துப் பிழிந்த துணியைக் கறையின் மேல் அரை நிமிடம் சும்மா வைத்திருங்கள். ஊறினால் தானே விடும். பலர் இங்கேதான் பொறுமை இழந்து கட்டை விரலால் அழுத்துகிறார்கள். உள்ளே இருக்கிற கண்ணாடி உடைவது அப்படித்தான். ஊற வைத்து எடுத்த பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இன்னொரு தடவை துடைத்து சோப்பை எடுத்துவிடுங்கள்.

அதற்கும் போகாவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால், 70 சதவீதம். எலக்ட்ரானிக்ஸ் உதிரிப்பாகம் விற்கிற கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிட அடர்த்தியானது. அதில் டிஸ்டில்ட் வாட்டர் கலந்து கொள்ளலாம். துணியில் தொட்டு, ஓரத்தில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, அப்புறம் கறையில் மட்டும். உங்கள் மாடலின் கையேட்டில் ஆல்கஹால் கூடாது என்று எழுதியிருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள், சில பூச்சுகளுக்கு அது ஆகாது. பெர்மனென்ட் மார்க்கர் கிறுக்கல், ஸ்டிக்கர் பிசின் இரண்டும் இதற்கு விடும்.

கை சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று எடுத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையிலேயே 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு, கை வறளாமல் இருப்பதற்காக. திரையில் அது பிசுபிசுவென்று நிற்கும். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் வேறு சேர்மானங்கள் இருப்பதுண்டு. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம். அதிலிருக்கும் அசிட்டோன், மேலே சொன்ன செல்லுலோஸ் படலத்தையே கெடுக்கக்கூடியது. துடைத்த இடம் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும், திரும்பாது. தின்னர், பெட்ரோலும் அந்த வகைதான். அம்மோனியா கலந்த ஜன்னல் கண்ணாடி ஸ்பிரேயும் பூச்சைக் கெடுக்கும். எந்தத் திரவமானாலும் நேராகத் திரையில் அடிக்காதீர்கள். அது வழிந்து கீழ் ஓரத்துக்குள் இறங்கும்; பானலை இயக்குகிற சர்க்யூட் அட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆயுத பூஜை முடிந்த வாரம் தவறாமல் வருகிற ஒரு கறையையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம், வைக்கட்டும். மூடியின் மேல் வைத்தால் ஒன்றுமில்லை. திரையின் மேல் விளிம்பில் வைத்து, காய்ந்த பிறகு விரலால் உதிர்க்கிறார்கள். காய்ந்த சந்தனம் மணல் மாதிரி, விபூதி சாம்பல். சாம்பலால்தான் ஒரு காலத்தில் பாத்திரமே தேய்த்தோம். உதிர்க்காமல் ஈரத் துணியை மேலே வைத்து ஊற வைத்து ஒற்றி எடுங்கள். குங்குமத்தின் சாயம் கொஞ்சம் அடம் பிடிக்கும், பிடித்தாலும் தேய்க்க வேண்டாம்.

இப்போது டூத்பேஸ்ட். அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது; பழைய சிடியின் கீறலுக்கும் பைக் ஹெட்லைட்டுக்கும் அது வேலை செய்ததை யாராவது காட்டியிருப்பார்கள். டூத்பேஸ்டில் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் மாதிரி தேய்க்கிற பொடி இருக்கிறது. கீறலை அது நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கிற இடத்தை அரைத்துத் தாழ்த்துகிறது, அதனால் பள்ளத்தின் ஓரம் மழுங்கி, கீறல் கண்ணில் படாமல் போகிறது. கெட்டியான பிளாஸ்டிக் கட்டியில் அரைக்க இடம் உண்டு. இங்கே அரைக்க இருப்பது சில மைக்ரான் பூச்சு. மேட் திரையில் முதலில் காலியாவது வெளிச்சத்தைச் சிதறடிக்கிற அந்த மேடு பள்ளம்தான். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கியது போல, திரை நடுவில் ஒரு பளபளப்பான திட்டு வந்துவிடும். முன்பு ஒரு கோடு இருந்தது, வெளிச்சம் பட்டால்தான் தெரிந்தது. இப்போது உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு, எந்நேரமும் தெரியும். இன்னும் தேய்த்தால் படலமே போய்ப் படம் நிறம் மாறும். சமையல் சோடா, கார் பாலிஷ், பென்சில் அழிப்பான் எல்லாவற்றுக்கும் இதே பதில். வாழைப்பழத் தோலைத் தேய்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கீறலையும் எடுக்காது, எறும்பையும் கூப்பிடும்.

கீறலில் வாசலின் களிம்பு தடவச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சங்கதி வேறு. அது ஒன்றும் அரைப்பதில்லை. வாசலின் என்கிற பெட்ரோலியம் ஜெல்லியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.47, படலத்துக்கு 1.48 பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பள்ளத்தில் ஜெல்லி நிரம்பினால் ஒளி அந்த இடத்தில் திரும்பாமல் நேராகப் போகிறது, கீறல் மறைந்தது போலத் தோன்றுகிறது. அதனால் பார்த்தவர்களுக்கு அதிசயம். ஆனால் மேட் திரையில் ஜெல்லி பட்ட இடமெல்லாம் பளபளக்கும், நம் ஊர்த் தூசி அதில் போய் அப்பிக்கொள்ளும், அந்தத் தூசியைத் துடைக்கும்போது புதுக் கீறல். பளபளப்பான திரையில் ஒரே ஒரு மெல்லிய கோடு, அவசரமாக ஒரு நாள் மறைய வேண்டும் என்றால் குச்சியில் துளி எடுத்துக் கோட்டில் மட்டும் தடவி மிச்சத்தை எடுத்துவிடலாம். பழைய லேப்டாப்பை விற்கிற சிலர் வாங்குகிறவர் வருவதற்கு முன் இதைத்தான் செய்கிறார்கள் என்பதால் செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது திரையை ஒரு ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

உங்கள் மகளின் திரையில் இருக்கிற விரல் நீளக் கோட்டுக்கு என் யோசனை, அதை அப்படியே விடுங்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் வராதபடி உட்கார்ந்து, தலைக்கு மேலிருக்கிற டியூப்லைட்டைத் தவிர்த்து மேஜை விளக்கைப் பக்கத்தில் வைத்தால் படிக்கும்போது கோடு பெரும்பாலும் கண்ணில் படாது. அது ரொம்ப உறுத்துகிறது என்றால் திரை முழுவதற்கும் ஒட்டுகிற மெல்லிய ஸ்கிரீன் புரொடெக்டர் போடலாம். அதன் பசை நுண்ணிய கீறல்களை நிரப்பிவிடும், வாசலின் செய்கிற வேலையைத் தூசி ஒட்டாமல் செய்யும். மெல்லியதாக இருக்க வேண்டும். போனுக்கு ஒட்டுகிற மாதிரி டெம்பர்டு கிளாஸ் போட்டால் மூடும்போது இடைவெளி போதாமல் திரையே நசுங்கும்.

கேமராவை மறைக்க ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடிக்கும் அதே ஆபத்து உண்டு. 2020இல் ஆப்பிள் கம்பெனியே, கேமரா மூடியோடு மேக்புக்கைச் சாத்தினால் திரை உடையலாம் என்று எச்சரித்தது.

டச் ஸ்கிரீன், மேக்புக், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட மாடல்கள் என்றால் கதை கொஞ்சம் மாறும். அங்கே கை படுவது நிஜமான கண்ணாடி. துடைப்பதற்குப் பயப்பட வேண்டாம், மணலுக்கு மட்டும் பயப்பட வேண்டும். அந்தக் கண்ணாடிக் கீறலை சீரியம் ஆக்ஸைடு பொடி வைத்துத் தேய்த்து எடுக்க முடியும். கார் கண்ணாடிக்கு அப்படிச் செய்கிறார்கள். லேப்டாப்பில் அதைச் செய்தால் நேரமும் சூடும் அதிகம், விரல் தடம் ஒட்டாமலிருக்கப் போட்ட பூச்சு போய்விடும், தேய்த்த இடம் லேசாகக் குழிந்து எழுத்து நெளியும். மேக்புக்கில் கீறல் போலவே தோன்றுகிற இன்னொன்று உண்டு. 2012 முதல் 2015 வரை வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோ சிலவற்றில் வெளிச்சம் எதிரொளிக்காமலிருக்கப் போட்ட பூச்சு திட்டுத் திட்டாக உரிந்தது. ஸ்டெயின்கேட் என்று பெயரே வைத்தார்கள். 2015இல் ஆப்பிள், வாங்கி மூன்று வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது, ஆனால் அந்த லேப்டாப்கள் செகண்ட் ஹேண்டாக இன்னும் நம் ஊருக்கு வருகின்றன. மிச்சமிருக்கிற பூச்சையும் முழுக்க எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியோடு ஓட்டுகிறவர்கள் உண்டு. எதிரொளிப்பு கூடும், திட்டு போய்விடும்.

மூலையில் இருக்கிற வெளிறிய புள்ளிக்கு வருகிறேன். திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்புகிற பிளாஸ்டிக் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு இடத்தில் பலமாக அழுத்தினால் அந்தத் தாள் நசுங்கி, அந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாக வரும். பைக்குள் சார்ஜரின் கட்டி மூடியின் மேல் இருந்ததா என்று மகளிடம் கேளுங்கள், அநேகமாக ஆமாம் என்பாள். துடைத்தோ தடவியோ இதற்கு வழியில்லை. தேய்த்தால் பெரிதாகும். தண்ணீர் புகுந்தாலும் அந்தத் தாள்களுக்கு நடுவில் மேகம் போலக் கறை நிற்கும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நனைந்த லேப்டாப்களில் பிழைத்த சிலவற்றில் இன்றைக்கும் அந்தக் கறை இருக்கிறது. பானலைப் பிரித்துத் தாள்களைத் துடைத்து மறுபடி அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தூசி புகாமல் அதைச் செய்வது கஷ்டம், வீட்டில் முயல வேண்டாம்.

திரைக்குள்ளே எறும்பு ஊர்ந்தால் மட்டும் ஒரு விஷயம். அதை வெளியிலிருந்து நசுக்கிவிடாதீர்கள், செத்தால் அங்கேயே கரும்புள்ளியாகத் தங்கும். திரையை அணைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி வேறு விளக்கைப் போட்டு வையுங்கள். வெளிச்சத்தைத் தேடிப் பெரும்பாலும் அதுவே கிளம்பிவிடும்.

மகளிடம் பையை அடுக்கச் சொல்லிக் கொடுங்கள். லேப்டாப்புக்குத் தனி அறை உள்ள பை, திரை மூடி அவள் முதுகுப் பக்கம் பார்த்தபடி. சார்ஜர், மவுஸ், சாப்பாட்டு டப்பா எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. வாரம் ஒருமுறை திரையைத் துடைப்பதற்குப் பதில் கீபோர்டைத் துடைக்கச் சொல்லுங்கள், தடம் அங்கிருந்துதான் வருகிறது. நடுவில் துணி வைப்பதென்றால் மூக்குக்கண்ணாடித் துணி அளவு மெல்லியதாக மட்டும். ரப்பர் கீபோர்டு கவரைப் போட்டபடி மூட வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் கட்டங்கள் நிற்கின்றன, படிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது என்றால் பானலை மாற்றலாம். மேலே இருக்கிற படலத்தை மட்டும் உரித்துப் புதிதாக ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிவிப் பெட்டிகளுக்கு அதைச் செய்கிறார்கள். லேப்டாப் பானலின் கண்ணாடி ரொம்ப மெல்லிசு, படலத்தின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் படம் மங்கும், உள்ளே ஒரு தூசி சிக்கினால் குமிழி நிற்கும். மாற்றினால் முழுப் பானல். செலவு சில ஆயிரம் ஆகும், திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் லேப்டாப்பின் மாடலை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் இரண்டு மூன்று விதப் பானல் போட்டிருப்பார்கள். திரையைக் கழற்றி அதன் முதுகில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் 156 என்று வந்தால் 15.6 அங்குலம், 140 என்றால் 14 அங்குலம். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்பதும் பொருந்த வேண்டும். 2011இலிருந்து அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் பழையது ஏதாவது உங்களிடம் இருந்து, அதன் திரையை இதற்குப் போடலாமா என்று யோசித்தால், அளவு ஒன்றாக இருந்தாலும் பழைய கனெக்டர் வகை வேறாக இருக்கலாம், பார்த்துச் செய்யுங்கள். மேட் திரைக்குப் பதில் பளபளப்பான திரையைப் போட்டுத் தருகிறவர்களும் உண்டு. வேலை செய்யும், வெயில் நேரத்தில் முகம் தெரியும். எது வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வாங்கி வருவதற்கு முன் கடையிலேயே வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுப் பக்கமாகப் போட்டுப் பாருங்கள். அணைந்த புள்ளி, ஓரத்தில் வெளிச்சக் கசிவு எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கேமராவும் மைக்கும் திரையின் மேல் விளிம்பில்தான் இருக்கின்றன, அவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மூடியை நான்கைந்து முறை திறந்து மூடி, கீல் பக்கம் சத்தம் வருகிறதா, ஓரச் சட்டம் எங்காவது பிதுங்கி நிற்கிறதா என்றும் கவனியுங்கள். பழைய பானலைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீறல் மட்டும்தான் அதற்குக் குறை என்றால், கல்லூரி முடிகிற வரை அவசரத்துக்கு அது உதவும்.